ஆர்ச்சி: காசு வேண்டாம், கட்டுப்பாடு வேண்டும்

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் (நிறுவனத்தின் வேலைகளும் மென்பொருள்களும் எப்படி இணைகின்றன என்று வரைந்து திட்டமிடுவது) டீமைப் புதிதாக அமைக்கிற நிறுவனங்கள் பல, பெரிய விலைக்கு ஒரு டூலை வாங்கிவிட்டு, அதில் எதைப் போடுவது என்று அப்புறம் யோசிக்கின்றன. அதற்கு முன் ஆறு மாதம், இந்த இணைப்புகளை மாடலாக வரையும் இலவச டூலான ஆர்ச்சியில் ஓட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் போல்ட்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறமூல மென்பொருள், எம்ஐடி லைசென்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

வெறும் படம் வரையும் மென்பொருளான விசியோவின் பழக்கத்தோடு வருபவர்கள் முதல் நாளே வழுக்குவது ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு வியூவிலும் (படத்திலும்) பேலட்டிலிருந்து (வடிவங்கள் இருக்கும் பட்டையிலிருந்து) புதிதாக ஒரு 'பில்லிங் சிஸ்டம்' எடுத்துப் போடுவார்கள். ஐந்து படம் வரைந்தால், எல்லாப் படங்களுக்கும் பின்னால் இருக்கும் ஒரே மாடலில் ஐந்து பில்லிங் சிஸ்டம். அதை நிறுத்தினால் எது எது பாதிக்கும் என்று தேடினால் ஐந்தில் ஒன்றின் தொடர்புகள்தான் வரும். ஏற்கெனவே இருப்பதை, மாடலில் உள்ளவற்றைப் பட்டியலிடும் மாடல் ட்ரீயிலிருந்துதான் இழுக்க வேண்டும். டெலிட்டிலும் இதே குழப்பம்: வியூவில் அழித்தால் பெட்டி மட்டும் போகும், அது குறிக்கும் எலிமென்ட் மாடலில் கிடக்கும். ட்ரீயில் சாய்வெழுத்தில் தெரிபவை எல்லாம் இப்படி எந்த வியூவிலும் இல்லாதவை. வாரம் ஒருமுறை, மாடலில் தவறு தேடும் வேலிடேட்டரை ஓட்டினால் இரட்டிப்பு, எந்த வியூவிலும் இல்லாதவை இரண்டும் சிக்கும்.

எக்செல்லில் இருக்கும் அப்ளிகேஷன் பட்டியலை சிஎஸ்வியாக ஏற்றலாம்: எலிமென்ட், ரிலேஷன் (தொடர்பு), ப்ராப்பர்ட்டி (கூடுதல் விவரம்) என மூன்று ஃபைல். ஐடி (ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாளக் குறி) காலியாக இருந்தால் புதிய எலிமென்ட் உருவாகும்; அதே ஃபைலை மறுபடி ஏற்றினால் பட்டியல் இரட்டிக்கும். அதனால் முதல் தடவை ஏற்றியதும் எக்ஸ்போர்ட் செய்து, ஐடி உள்ள அந்த ஃபைலிலேயே திருத்துங்கள். ப்ராப்பர்ட்டி நான்கு போதும்: ஓனர், முக்கியத்துவம், சப்போர்ட் முடியும் தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இருபது வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஆர்ச்சி பின்பற்றும் வரைமொழியான ஆர்க்கிமேட்டில் ஐம்பதுக்கு மேல் எலிமென்ட் வகைகள் உண்டு. பத்தைத் தேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பலர் சேர்ந்து வேலை செய்ய கோஆர்ச்சி ப்ளகின், பின்னால் ஜிட் (பலரின் மாற்றங்களைப் பதிந்து ஒன்றுசேர்க்கும் மென்பொருள்). ஒரே வியூவை இருவர் திருத்தினால் மோதும். ஒருவருடையதைத் தேர்ந்தால் மற்றவர் வேலை போச்சு. ஏரியாவைப் பிரித்துக்கொண்டு, சின்னச் சின்னதாகப் பப்ளிஷ் செய்வதே வழி.

எச்டிஎம்எல் ரிப்போர்ட் மேலதிகாரிகளுக்குக் காட்ட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் அவர்கள் எதையும் திருத்த முடியாது. ஒப்புதல் நடைமுறையும் கிடையாது. அப்ளிகேஷன் ஓனர்களே தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்கிற கட்டம் வந்தால் காசு கொடுக்கும் டூலுக்குப் போகலாம். டூலுக்கு டூல் மாடலைக் கொண்டுபோகும் பொது ஃபைல் வடிவமான ஓப்பன் எக்ஸ்சேஞ்ச் ஃபார்மட்டை ஏற்கிற டூலாகப் பார்த்து வாங்குங்கள், ஆறு மாத உழைப்பும் கூடவே வரும்.