மூளை வானத்திலா, தரையிலா: இரிடியமும் குளோபல்ஸ்டாரும்

டவர் இல்லாத இடத்திலிருந்து போன் பேச வேண்டுமென்றால் டவரை வானத்தில், அதாவது செயற்கைக்கோளில், வைக்க வேண்டியதுதான். 1990களில் இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அந்த டவருக்கு எவ்வளவு மூளை வேண்டும், பேச்சு எங்கே போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. மோட்டரோலா தொடங்கிய இரிடியம், மூளை மேலேயே இருக்கட்டும் என்றது. லோரலும் குவால்காமும் சேர்ந்து தொடங்கிய குளோபல்ஸ்டார், மேலே ஒன்றுமே வேண்டாம், எல்லாம் தரையில் இருக்கட்டும் என்றது. இரண்டும் திவாலாகின. இரண்டும் எழுந்து வந்து இன்றும் ஓடுகின்றன. யார் சொன்னது சரி என்பதற்கு மட்டும் பதில் ஆளுக்கேற்ப, பத்தாண்டுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது.

இரிடியத்துக்கு 780 கி.மீ. உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள். துருவங்களை ஒட்டிப் போகும் 6 சுற்றுப்பாதைகள், பாதைக்கு 11. ஒவ்வொன்றும் நான்கு அண்டை வீட்டாரோடு நேரடியாகப் பேசும்: அதே பாதையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துப் பாதைகளில் இடமும் வலமும் ஒவ்வொன்று. பசிபிக் நடுவில் ஒருவர் போனை எடுத்தால், தலைக்கு மேலே உள்ள செயற்கைக்கோள் அந்தப் பேச்சைப் பிரித்துப் பார்த்து, போக வேண்டிய திசையைத் தீர்மானித்து, பக்கத்தில் உள்ளதற்குத் தள்ளிவிடும். அது அடுத்ததற்கு. இப்படியே கைமாறி அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கேட்வேக்கு, அதாவது வானத்துப் பேச்சைத் தரைத் தொலைபேசியோடு இணைக்கும் நிலையத்துக்கு, மேலே வந்ததும் கீழே இறங்கும். பெருங்கடலில் தரை நிலையமே தேவையில்லை.

செல்போனில் நாம் நகர்வோம், டவர் நிற்கும். இங்கே தலைகீழ். நாம் நிற்போம், டவர் விநாடிக்கு சுமார் 7.5 கி.மீ. வேகத்தில் ஓடும். ஒரு செயற்கைக்கோள் அதிகபட்சம் பத்து நிமிடம் போலத்தான் கண்ணில் படும். அதற்குள்ளும் அது தரையை நோக்கி வீசும் 48 அலைக்கதிர்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பு மாறவேண்டும். இத்தனை ஓட்டத்தில் ஓர் ஆறுதல், எது எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். இந்த வலையமைப்பின் வடிவம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆனால் எதிர்பாராமல் மாறாது.

இதிலும் ஒரு தையல் உண்டு. ஆறு பாதைகளில் முதலாவதும் ஆறாவதும் அருகருகே இருந்தாலும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்று வடக்கே ஏறும்போது மற்றது தெற்கே இறங்கும். அந்த வேகத்தில் எதிரே வருவதை ஆண்டெனாவால் பிடித்துவைத்துப் பேசுவது பெரும்பாடு என்பதால், அந்த ஓர் இடைவெளியில் இணைப்பே வைக்கவில்லை. தையலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய தகவல், பாதைகள் நெருங்கும் துருவப் பக்கமாகவோ பூமியின் மறுபுறமாகவோ சுற்றிப் போக வேண்டும். பரவல் வலையமைப்பு என்று தாளில் வரைவதற்கும் அதை ஓடும் பொருள்களில் கட்டுவதற்கும் உள்ள தூரம் இந்தத் தையலில் தெரியும்.

குளோபல்ஸ்டாரின் முதல் தலைமுறையில் 48 செயற்கைக்கோள்கள், 1,414 கி.மீ. உயரத்தில். பாதையின் சாய்வு 52 பாகை என்பதால் 70 பாகை அட்சரேகைக்கு அப்பால் சேவை இல்லை. மக்கள் இல்லாத துருவத்துக்கு எதற்குச் செலவு என்ற கணக்கு. வந்த சிக்னலைக் கேட்டு, அலைவரிசையை மாற்றி, பெருக்கி, கீழே விடுவதோடு செயற்கைக்கோளின் வேலை முடிந்தது. உள்ளே என்ன பேச்சு, யாருக்குப் போகிறது, எதுவும் அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்வே பார்த்துக்கொள்ளும்.

இதில் ஓர் அழகான தந்திரம் இருந்தது. ஒரே போனின் சிக்னலை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செயற்கைக்கோள்கள் கேட்கும். பல பேச்சுகள் ஒரே அலைவரிசையைப் பகிரும் குவால்காமின் சிடிஎம்ஏ முறையில் கேட்வே அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பேச்சாக்கிவிடும். ஒன்றை மரம் மறைத்தால் இன்னொன்று காப்பாற்றும். இரிடியத்தில் பேச்சு விநாடிக்கு வெறும் 2,400 பிட்டில் நசுங்கி வந்தது. குரல் தெளிவில் குளோபல்ஸ்டார்தான் மேல் என்பது இரண்டிலும் பேசியவர்கள் பலர் சொன்னது.

குறையும் அதே வடிவமைப்பிலிருந்தே வருகிறது. செயற்கைக்கோளுக்குப் போனும் தெரிய வேண்டும், கேட்வேயும் தெரிய வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். ஒரு கேட்வேயைச் சுற்றி இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ. வரைதான் அது சாத்தியம். நடுக்கடலில் தலைக்கு மேலே நல்ல நிலையில் செயற்கைக்கோள் போய்க்கொண்டிருக்கும், பேச முடியாது.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய இரிடியம் 1998 நவம்பர் 1இல் சேவையைத் தொடங்கி, 1999 ஆகஸ்டில் திவால் மனு போட்டது. 2000 டிசம்பரில் மொத்தச் சொத்தும் வெறும் 2.5 கோடி டாலருக்குக் கைமாறியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தம் அதை மூச்சுவிட வைத்தது. நம் நாட்டு நிதி நிறுவனங்களும் இதில் பணம் போட்டிருந்தன. இரிடியம் இந்தியா டெலிகாம் மோட்டரோலாமீது போட்ட வழக்கில்தான், ஒரு கம்பெனிமீதே மோசடிக் குற்றத்துக்கு வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. வானத்தில் தோற்ற திட்டம் நம் சட்டப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது.

குளோபல்ஸ்டாரின் அடி வேறு மாதிரி. 1998 செப்டம்பரில் ஒரே ராக்கெட் தோல்வியில் 12 செயற்கைக்கோள்கள் போயின. 2002 பிப்ரவரியில் திவால். பிறகு, மேலே இருந்ததற்கு இருந்த ஒரே வேலையான சிக்னலைப் பெருக்குவதும் பழுதானது. கீழ்நோக்கி அனுப்பும் பெருக்கிகள் தேய்வதை 2007இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. போனிலிருந்து மேலே போகும் பாதை மட்டும் நன்றாக இருந்தது. அதே ஆண்டில் ஸ்பாட் என்ற கையடக்கக் கருவி வந்தது. இருக்கும் இடத்தையும் 'நலம்' அல்லது 'உதவி' என்ற சேதியையும் அனுப்பும். பதில் எதுவும் வாங்காது. காது மட்டும் நலமாக இருந்த வலையமைப்பு, வாய் மட்டும் உள்ள கருவியை விற்றது. இந்தத் துறையில் நான் மிகவும் ரசிக்கும் வியாபார மூளை இதுதான்.

பேச்சை விட்டுவிட்டுத் தகவலுக்கு வருவோம், இன்று காசு அங்கேதான். இரிடியத்தின் குறுந்தகவல் சேவையில் ஒருமுறைக்கு 340 பைட் அனுப்பும் சிறு மோடம்கள் உண்டு. ஒரு வாட்ஸப் படத்துக்குக்கூடப் போதாது. ஆனால் கடலியலைப் பாருங்கள். ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, வெப்பமும் உப்பும் அளந்ததை அனுப்பிவிட்டு மறுபடி முழுகும். ஆர்கோஸ் என்ற பழைய செயற்கைக்கோள் முறையில் தகவல் முழுதாகப் போய்ச் சேர 6 முதல் 12 மணி நேரம் மேற்பரப்பில் மிதக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் நீரோட்டம் இழுக்கும், பாசி ஒட்டும், கப்பல் இடிக்கும். இரிடியம் வந்தபின் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. அதே இணைப்பில் மிதவைக்கு 'அடுத்த முறை வேறு ஆழத்துக்குப் போ' என்று உத்தரவும் இடலாம். கேட்வே அருகில் இல்லாத கடலில் இதைக் குளோபல்ஸ்டாரால் செய்ய முடியாது. தென்துருவ நிலையத்திலும் அப்படித்தான். எங்கே வேண்டுமானாலும் வேண்டும் என்பவருக்கு இரிடியம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அப்படியென்றால் மக்கள் கையில் உள்ள போனுக்குள் முதலில் நுழைந்தது யார்? குளோபல்ஸ்டார். 2022 நவம்பரில் ஐபோன் 14இன் அவசர உதவிச் சேவை அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியபோது, மேலே இருந்தவை 2010 முதல் 2013 வரை ஏவப்பட்ட இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள்கள், மொத்தம் 24. ஐபோன் 14 என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்தில் வடிவமைத்தவை. அவற்றை யாரும் தொடவில்லை. மாறியதெல்லாம் கீழே: தரை நிலையங்களில் புதிய ஆண்டெனாக்கள், போனுக்குள் புதிய மென்பொருள், சேதியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் முறை. ஆப்பிள் ஒதுக்கிய 45 கோடி டாலரில் பெரும்பங்கு குளோபல்ஸ்டாருக்குப் போனது. மேலே உள்ளதற்கு உள்ளடக்கம் புரியாது என்ற பழைய குறைதான் இங்கே வரமானது. எந்த வடிவத்தில் அனுப்பினாலும் தன் அலைவரிசைக்குள் இருந்தால் அது பெருக்கித் தள்ளிவிடும். போன் ஆண்டுக்கு ஒருமுறை மாறும், செயற்கைக்கோள் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இவ்விரண்டையும் பிணைக்கும் எந்த வலையமைப்புக்கும் இதுதான் தலைவலி. மூளையைத் தரையில் வைத்தவருக்கு அந்தத் தலைவலி பாதிதான்.

இரிடியமும் சும்மா இருக்கவில்லை. 2023 ஜனவரியில் குவால்காமோடு கைகோத்து ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு சேவையை அறிவித்தது. குளோபல்ஸ்டாரைப் பெற்ற குவால்காம் இப்போது எதிர் முகாமில்! போன் தயாரிப்பாளர்கள் யாரும் அதைத் தங்கள் போனில் சேர்க்காததால் அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. அவர்கள் கேட்டது ஒரு கம்பெனியின் தனி மொழியை அல்ல, எல்லோருக்கும் பொதுவான செல்போன் தரத்தை. 2019இல் முடிந்த புதிய தலைமுறை இரிடியத்தில், வானத்திலேயே மென்பொருளை மாற்றும் வசதி இருந்ததால் அந்தக் கதவு முழுதாக அடைபடவில்லை. பொதுத் தரத்துக்கு மாறும் திட்டத்தை 2024 ஜனவரியில் அறிவித்தது.

குளோபல்ஸ்டாரின் வெற்றியை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். தன் கொள்ளளவில் 85 சதவீதத்தை ஆப்பிளுக்கு ஒதுக்கிவிட்டது. மீதியில்தான் மற்றவர்கள். ஒரு வாடிக்கையாளரை நம்பும் வலையமைப்பு எவ்வளவு தூரம் வலையமைப்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஸ்டார்லிங்க் இந்த இரு பாதையிலும் நடந்திருக்கிறது. முதலில் தரை நிலையத்தை நம்பியே தொடங்கியது, 2021இலிருந்து செயற்கைக்கோள்களுக்கு இடையே லேசர் இணைப்புகளைச் சேர்த்தது. ஏர்டெலின் பாரதி குழுமத்துக்குப் பங்குள்ள ஒன்வெப் (அதன் 72 செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவினார்கள்) இன்னும் கேட்வே முகாமில்தான்.

இந்தியாவில் வாங்கலாம் என்று நினைத்தவர்களுக்கு: இங்கே போட்டியைத் தீர்மானிப்பது சட்டம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பிடி இறுகியது. உரிமம் இல்லாமல் இரிடியம், துரையா போன்ற செயற்கைக்கோள் போன் வைத்திருப்பது குற்றம். இரிடியத்தில் ஓடும் மலையேற்றக் கருவியோடு வந்து விமான நிலையத்தில் மாட்டிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. முறையாகக் கிடைத்து வந்தது பிஎஸ்என்எல் வழியான இன்மார்சாட் போன். 35,786 கி.மீ. உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள். குரல் போய்ச்சேரவே கால் விநாடி, கேள்வி கேட்டுப் பதில் வர அரை விநாடி. ஆனால் கேட்வே காசியாபாத்தில், நம் மண்ணில். அரசுக்கு வேண்டியது அதுதான். வானத்திலேயே கைமாறி அரிசோனாவில் இறங்கும் பேச்சு எந்த உள்துறைக்கும் பிடிக்காது.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் போனது. கரையிலிருந்து சில பத்து கி.மீ.க்கு மேல் படகில் உள்ள விஎச்எஃப் ரேடியோ எட்டாது. அந்தப் படகுக்கு இரிடியமா குளோபல்ஸ்டாரா என்று கேட்டால் இரிடியம்தான் என் பதில். ஆனால் அது சட்டத்தில் நிற்காது, ஒரு சாதாரண விசைப்படகின் கணக்கிலும் நிற்காது. இன்று வருவது இஸ்ரோவின் இருவழி டிரான்ஸ்பாண்டர், செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கி அனுப்பும் கருவி. 2024 ஆகஸ்ட் 30இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய திட்டத்தில் 364 கோடி ரூபாய் செலவில் 1 லட்சம் படகுகளுக்கு இலவசம். நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை, புளூடூத்தில் இணைத்த போனில் உள்ளூர் மொழியிலேயே காட்டும். ஆபத்து என்றால் படகிலிருந்தும் சேதி போகும். வீட்டுக்குப் பேச முடியாது. கடலுக்குப் போகிறவர் முதலில் கேட்கும் வசதி அதுதான் என்பதால், கரைக்கு வந்ததும் அடுத்த கோரிக்கை எது என்று சொல்லத் தேவையில்லை.