ஆறு வருஷமா கதை எழுதுறேன்: கதையோட மூட், 18+ லேபிள், என் அனுபவம்

2019 கடைசில பையன் யூகேஜி போனப்ப மத்தியானம் கெடச்ச ரெண்டு மணி நேரத்துல போன்ல டைப் பண்ண ஆரம்பிச்சது. கூகுள் டாக்ஸ், ஜிபோர்டு, அவ்ளோதான் செட்டப். இதுவரை நாலு தொடர் முடிச்சிருக்கேன், மூணு பாதில நிக்குது, அத கேக்காதீங்க.

ரெண்டாவது தொடர்ல நல்லா அடி வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மெஸ் நடத்துற ஒரு பொம்பள, புருஷன் கைல அடி வாங்கி வெளிய வந்தவ, அவளுக்கும் அரிசி போட வர்ற ஆளுக்கும் நடுவுல மெதுவா ஏதோ வளருது, இதான் கதை. பத்து எபிசோடு (எபி) வரைக்கும் நிம்மதியா போச்சு, அப்புறம் "ரொமான்ஸ் எப்போ சிஸ்"னு கமெண்ட் மேல கமெண்ட், நானும் ஆசைப்பட்டு பதினோராவது எபில ஒரு பெட்ரூம் சீன் வச்சேன். வியூஸ் எகிறிச்சு. நாலாவது நாள் நான் கதை போடுற ஆப்ல அந்த எபிய தூக்கிட்டாங்க, 18+ லேபிள் போடாதது என் தப்புதான், ஆனா மெயில் போட்டா பதில்கூட இல்ல. அதவிட, ரெகுலரா படிக்கிற ஒரு அக்கா "நான் இத என் பொண்ணோட சேர்ந்து படிச்சிட்டிருந்தேன்மா"ன்னு ஒரே வரி எழுதிட்டு போனாங்க, திரும்ப வரவே இல்ல.

அதுக்கப்புறம் ஃபேன்ஃபிக் (அடுத்தவங்க கதையோட பாத்திரங்கள வச்சு ரசிகருங்க எழுதுற கதை) எழுத ஏஓ3ங்கற சைட் பக்கம் போனேன், அங்கதான் புரிஞ்சுது. ரேட்டிங் தனி, வார்னிங் தனி. ஜெனரல், டீன், மெச்சூர், எக்ஸ்ப்ளிசிட்னு நாலு படி, ரேட்டிங்கே வேணாம்னாலும் விடலாம். கடைசி ரெண்டு படின்னா உள்ள விடுறதுக்கு முன்னாடி கேட்டுத்தான் விடும். வார்னிங்ல கொடூரமான வன்முறை, முக்கிய பாத்திரம் சாவு, பலாத்காரம், மைனர் சம்பந்தப்பட்ட பாலியல்னு தனித்தனியா இருக்கும், "சொல்ல விரும்பல"ன்னும் போட்டுக்கலாம். அத பாத்தப்பதான் ஒறைச்சுது, என் மெஸ் கதைல மூணாவது எபில அவ புருஷன் அவள சுவத்துல மோதுற சீனுக்கு நான் ஒரு லேபிளும் போடல, யாரும் கேக்கவும் இல்ல. நம்ம ஆன்டி ஹீரோ கதைங்கள்ல ஹீரோ கன்னத்துல அறைஞ்சா அது லவ்வு, முத்தம் குடுத்தா அது 18+. என்ன கணக்குடா இது!

இப்ப எபியோட மூட் என்னன்னு முடிவு பண்ணிட்டுதான் ரேட்டிங் பக்கமே போறேன். பிளஸ் டூல மனப்பாடம் பண்ண தொல்காப்பிய மெய்ப்பாடு, அதான் உடம்புல வெளிய தெரியுற உணர்ச்சி, எட்டும் ஞாபகம் இருக்கா? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொரு எபி டாக் மேலயும் இதுல ஒண்ண எழுதி வச்சுட்டுதான் ஆரம்பிப்பேன். மெஸ்காரிக்கு அந்த பதினோராவது எபில இருந்தது இளிவரல், தன்னையே சின்னதா நெனைக்கிற கூச்சம், நான் போய் அங்க உவகைய திணிச்சிருக்கேன், அப்புறம் எப்படி ஒட்டும்.

நேரமும் முக்கியம். ராத்திரி எழுதினா எல்லாரும் அழுவாங்க, மத்தியானம் எழுதினா நக்கல் வரும், அதனால சாவு சீன மத்தியானம்தான் எழுதுறேன், அப்பதான் ஓவரா போகாது. நெருக்கமான சீன் வந்தா தனி டாக்ல கூச்சமில்லாம முழுசா எழுதிட்டு, ரெண்டு நாள் கழிச்சு கதைக்கு வேண்டியத மட்டும் எடுத்துக்குவேன். பாதிக்கு மேல போயிடும். கதவ சீக்கிரம் சாத்திட்டீங்கன்னு திட்டு வரும், வரட்டும்.

ஒரு எச்சரிக்கை, கீபோர்டு எல்லாத்தையும் கத்துக்கும். மாமியாருக்கு "முத்து மாமா வந்தாரா"ன்னு டைப் பண்ணப் போனா சஜஷன்ல "முத்தம்" வந்து நிக்குது. கதைக்குன்னு வேற கீபோர்டு ஆப் போட்டாச்சு.

மெஸ் கதைய பதினோராவது எபில இருந்து திருப்பி எழுதிட்டிருக்கேன். மூணாவதுக்கு வன்முறை வார்னிங் போட்டாச்சு. இந்த தடவ ராத்திரி பதினோரு மணிக்கு கடைய சாத்திட்டு ரெண்டு பேரும் சேர்ந்து இட்லி குண்டான தேய்க்கிறாங்க, இன்னும் அவன் பேர அவ சொல்லல.