கிரானைட் மேடையில் ஓட்டை போட 35 எம்எம் வைர கோர் பிட்: 11 மாதம் ஓட்டிய பிறகு

நான் பிளம்பிங் வேலை பார்ப்பவன். என்னை அதிகம் கூப்பிடுவது ஏற்கெனவே ஆள் குடிவந்துவிட்ட வீடுகளுக்குத்தான். கிரானைட் மேடை போட்டு, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து எல்லாம் முடிந்த பிறகு "தம்பி, ஆர்ஓ குழாய்க்கு ஒரு ஓட்டை போடணும்" என்பார்கள். நாள் முழுக்கச் செய்கிற வேலையில் எனக்குக் கை நடுங்குகிற இடம் அது ஒன்றுதான், ஏனென்றால் சிங்க்குக்குப் பின்னால் இருக்கிற கல் மூன்று விரல் அகலம் கூட இருக்காது, அங்கே ஒரு கீறல் ஓடினால் மேடைக் கல்லையே மாற்ற வேண்டியதுதான். அதனால் பிட் விஷயத்தில், அதாவது டிரில்லில் மாட்டி ஓட்டை போடுகிற முனை விஷயத்தில், நான் ரொம்பக் கறார். கோர் பிட் என்றால் குழாய் மாதிரி நடுவில் காலியாக, விளிம்பு மட்டும் கல்லை வட்டமாக அறுக்கிற பிட்.

இதற்கு முன் ஆன்லைனில் 10 பிட் கொண்ட செட் ஒன்று வாங்கியிருந்தேன். மொத்த செட்டின் விலை நல்ல பிட் ஒன்றின் விலைக்குக் கூட வராது. விளிம்பில் ரவை தூவின மாதிரி வைரப்பொடி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிரானைட், கான்கிரீட், கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆகும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். சாதா செராமிக் டைல்ஸில் வெண்ணெய் மாதிரி இறங்கியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் கறுப்பு கிரானைட்டில் இரண்டாவது ஓட்டை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன், சூடுதான் ஏறியது. வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பு மொட்டையாக, வெறும் இரும்பு மின்னுகிறது. அந்த வீட்டு அம்மா சமையலை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார், நான் இன்னொருவரிடம் பிட் இரவல் வாங்கி வந்து முடித்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த வகையில் நிக்கல் முலாம் பூசி ஒரே ஒரு அடுக்கு வைரப்பொடியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த அடுக்கு போனால் பிட் போனது, தீட்டவும் முடியாது. நான் இப்போது வைத்திருப்பது சின்டர்டு செக்மென்ட் வகை, அதாவது உலோகப் பொடியோடு செயற்கை வைரத்தூளைக் கலந்து அழுத்திச் சுட்டு, துண்டு துண்டாக ஸ்டீல் குழாயின் வாயில் பற்றவைத்தது. செக்மென்ட்டின் உயரம் முழுக்க உள்ளே வைரம் இருக்கிறது. மேலே இருக்கிற வைரம் மழுங்கினால் அதைப் பிடித்திருக்கிற உலோகமும் கூடவே தேய்ந்து அடுத்த வைரம் வெளியே தலைநீட்டும்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவது. கடையில் கான்கிரீட்டுக்கு ஒரு பிட், கிரானைட்டுக்கு ஒரு பிட் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள், பார்க்க ஒன்று போலவே இருக்கும். கல் கெட்டியாக இருந்தால் பிட்டில் உலோகம் மிருதுவாக இருக்க வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் தேய்ந்து புது வைரத்தைக் காட்டும். கான்கிரீட்டில் மணல் இருப்பதால் அதுவே உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும், அதனால் அதற்குக் கெட்டி உலோகம் போடுவார்கள். கான்கிரீட் பிட்டை எடுத்து வந்து கிரானைட்டில் வைத்தால் பாலீஷ் போட்ட மாதிரி வழவழவென்று ஆகிச் சும்மா சுற்றும். பிட் மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடையில் என்ன கல்லுக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதே ஒரு தடவை வழுக்க ஆரம்பித்தது. சிமென்ட் ஹாலோ பிளாக் ஒன்றில் தண்ணீர் விட்டு நாலைந்து முறை அரை இன்ச் ஆழம் இறக்கி எடுத்தேன், விரலால் தடவினால் மறுபடி சொரசொரவென்று இருந்தது, அதற்கப்புறம் பழையபடி இறங்கியது.

இந்த 11 மாதத்தில் 40 ஓட்டைக்கு மேல் போட்டிருக்கிறேன், பெரும்பாலும் 18 எம்எம் கல். செக்மென்ட் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஓட்டையின் ஓரம் சுத்தமாக வருகிறது, குழாயின் அடித்தட்டு மூடுகிற அளவுக்கு மேல் எங்கும் பிசிறு இல்லை.

தண்ணீர் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. வைரம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சூட்டுக்குப் பயந்தது, 700 டிகிரி தாண்டினால் காற்றில் எரிந்து வீணாகிவிடும், விளிம்பில் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. நான் செய்வது எளிது. வீட்டிலேயே கொஞ்சம் சப்பாத்தி மாவு கேட்டு வாங்கி, குறித்த இடத்தைச் சுற்றி வளையமாக ஒட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றிவிடுவேன். பிட் சுற்றச் சுற்றத் தண்ணீர் பால் மாதிரி ஆகும், அது கெட்டியாக ஆரம்பித்தால் துடைத்துவிட்டுப் புதுத் தண்ணீர். இன்னொரு நன்மை, தூசி பறக்காது. கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய்ப் படிந்தால் திரும்ப வராது. இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் நான் பேட்டரி டிரில்தான் எடுப்பேன். ஒயர் மெஷின் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) உள்ள லைனில் மட்டும்.

டிரில்லில் ஹேமர் மோடை, அதாவது சுற்றிக்கொண்டே இடிக்கிற முறையை, அணைத்துவிட வேண்டும், ஒரு அடி போதும் செக்மென்ட் தெறிக்க. பளபளப்பான கல்லில் பிட் நேராக வைத்தால் வழுக்கி ஓடும், அதனால் கொஞ்சம் சாய்த்து ஓரத்தில் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்த பிறகு மெல்ல நிமிர்த்துவேன். கடைசி 3 எம்எம் வரும்போது சத்தம் மாறும், கிர்ரென்று இருந்தது, உள்ளே காலியாக இருக்கிற மாதிரி கொஞ்சம் வெறுமையாகக் கேட்கும். அப்போது கையின் கனத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் கல் பெயர்ந்து விழும். பிறகு டக்கென்று விடும், வட்டமான கல் பிட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், பக்கவாட்டுத் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டுத் தள்ளினால் வந்துவிடும்.

குறை என்றால் ஒன்று, மரை. இதில் எம்14 (14 எம்எம்) மரை, நம்மிடம் இருக்கிற 4 இன்ச் கிரைண்டரில் பெரும்பாலும் எம்10. வாங்கி வந்த அன்று மாட்ட முடியாமல் மறுபடி கடைக்குப் போய் டிரில்லுக்கான அடாப்டர் வாங்கினேன், பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒருவகையில் நல்லதுதான், கிரைண்டரின் 11,000 ஆர்பிஎம் இந்த அளவு பிட்டுக்கு ரொம்ப அதிகம், டிரில்லில் குறைந்த வேகத்தில் கட்டுப்பாடாகப் போகிறது.

ஸ்லாப்பில் 4 இன்ச் பைப்புக்கு ஓட்டை போடுவதற்கெல்லாம் இதை நினைக்க வேண்டாம். அது ஸ்டாண்டோடு வருகிற கோர் கட்டிங் மெஷின் ஆட்களின் வேலை, அதுவும் இன்ஜினியர் பார்த்துக் கம்பி எங்கே ஓடுகிறது என்று சொன்ன பிறகு. தூணையும் பீமையும் பைப்புக்காக யாரும் தொடவே கூடாது. கட்டடத்தின் கான்கிரீட் பலத்தில் சந்தேகம் வந்தால் அதே மாதிரி மெஷினில்தான் உருளை எடுத்து லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 படி குறைந்தது 3 உருளை எடுக்க வேண்டும்.

எனக்கு இது 850 ரூபாய் ஆனது, அடாப்டர் தனி. மாதத்துக்கு ஒரு கிரானைட் ஓட்டையாவது போடுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். சொந்த வீட்டுக் குளியலறையில் நாலு ஸ்க்ரூ மாட்ட 6 எம்எம் ஓட்டை மட்டும் போதும் என்றால், அதுவும் செராமிக் டைல்ஸ் என்றால், அந்த முலாம் பூசிய பிட்டே போதும், செட்டாக வாங்காமல் அந்த அளவில் இரண்டு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து இதே வகையில் ஏசி பைப்புக்கு 65 எம்எம் வாங்கப் போகிறேன், அது செங்கல் சுவருக்கு என்பதால் கெட்டி உலோகம் போட்டதாகப் பார்த்து.