நோவாவின் கடல்மட்டத் தரவுச் சேவை: பயன்படுத்துவோர் பார்வையில்

அமெரிக்கப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகமான நோவா நடத்தும் 'டைட்ஸ் அண்ட் கரண்ட்ஸ்' தளம், அந்நாட்டின் கடற்கரைகளிலும் பேரேரிகளிலும் நிலையாக நிறுவப்பட்ட சுமார் 200 நீர்மட்ட நிலையங்களின் அளவீடுகளை எவருக்கும் கட்டணமின்றித் தருகிறது. பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. கூட்டாட்சி அரசின் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்பதால், எடுத்த தரவை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. இவற்றையெல்லாம்விட, ஒவ்வோர் எண்ணும் எப்படிக் கிடைத்தது என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்தே சொல்லிவிடுவதுதான் இந்தச் சேவையை நான் மிக உயர்வாக மதிக்கக் காரணம்.

6 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியாகும் நீர்மட்ட மதிப்பை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஒன்றாக எடுத்த 181 வாசிப்புகளின் சராசரி அது. அந்த வாசிப்புகள் எவ்வளவு சிதறியிருந்தன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் பக்கத்து நெடுவரிசையிலேயே இருப்பதால், கடல் கொந்தளித்த வேளைகளை அந்த ஒரு நெடுவரிசையைக் கொண்டே ஊகிக்க முடிகிறது. மதிப்பு முதற்கட்டமானதா, சரிபார்க்கப்பட்டதா என்பதை 'பி', 'வி' என்ற குறிகள் பிரித்துக் காட்டுகின்றன. சரிபார்ப்பு முடியும்வரை தரவை மறைத்து வைக்காமல், முடியவில்லை என்று அறிவித்தே வெளியிடும் இந்த முறையைப் பொதுத் தரவு தரும் எல்லா அரசுகளும் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிறேன்.

அளந்த நீர்மட்டத்தோடு, ஓதத்தை, அதாவது நிலா, சூரியன் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவதை, 37 கூறுகளாகப் பிரித்து அவற்றைக் கொண்டு முன்கூட்டியே கணித்த நீர்மட்டத்தையும் தளம் ஒரே வரைபடத்தில் தருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் காற்றும் வளிமண்டல அழுத்தமும் செய்த வேலை. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பேட்டரி நிலையத்தில் நீர்மட்டம் 14.06 அடியைத் தொட்டது. அதில் ஏறத்தாழ 9.4 அடி, வழக்கமான ஓதத்துக்கு மேல் புயல் தள்ளிக்கொண்டு வந்த நீர். புயல் ஏறக்குறைய உயர் ஓத வேளையில் வந்ததும் சேதம் பெருகக் காரணம் என்பதை, வேறு விளக்கம் எதுவும் படிக்காமலே அந்த வரைபடத்திலிருந்து ஒருவர் புரிந்துகொள்ளலாம்.

நீண்டகாலப் போக்கைக் காட்டும் பக்கங்கள் இன்னும் அருமையானவை. சான் பிரான்சிஸ்கோ நிலையம் 1854 முதல் இயங்குகிறது. அங்கே கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் உயர்கிறது. லூசியானாவின் கிராண்ட் ஐலில் அந்த வேகம் சுமார் 9 மில்லிமீட்டர். அலாஸ்காவின் ஜூனோவிலோ கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 13 மில்லிமீட்டர் வீதம் இறங்குகிறது. கிராண்ட் ஐலில் நிலம் அமிழ்கிறது. ஜூனோவில் பனியாறுகளின் சுமை குறைந்ததால் நிலம் எழும்புகிறது. ஓதமானி அளப்பது அது நிற்கும் நிலத்தைப் பொறுத்த கடல்மட்டத்தையே என்பதைத் தளம் தெளிவாகச் சொல்வதுடன், ஒவ்வொரு போக்குக்கும் 95 விழுக்காட்டு நம்பக எல்லைகளையும் தருகிறது. ஜூனோவின் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடல் உயரவில்லை என்று வாதிடுவோருக்கும் உரிய விடை அதே பக்கத்தில் இருக்கிறது.

குறைகளுள் முதன்மையானது ஆதாரமட்டம், அதாவது நீர்மட்டத்தை அளக்கத் தொடங்கும் பூச்சியம், பற்றியது. நிலையப் பக்கத்தைத் திறந்ததும் கிடைக்கும் வரைபடம், ஒவ்வொரு நாளும் வரும் தாழ் ஓதங்களுள் மிகத் தாழ்ந்ததன் 19 ஆண்டுச் சராசரியைப் பூச்சியமாகக் கொண்டு எண்களைத் தருகிறது. கப்பலோட்டிகளுக்கு இதுவே பாதுகாப்பு. கரையில் வெள்ள அபாயத்தைக் கணக்கிடுவோருக்கு இது தவறான தொடக்கம். சான் பிரான்சிஸ்கோவில் இந்தப் பூச்சியத்துக்கும் சராசரிக் கடல்மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் வேறுபாடு உள்ளது. ஆதாரமட்டத்தைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் சராசரிக் கடல்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்ட நில உயர வரைபடத்தோடு ஒப்பிட்டால், அந்த ஒரு மீட்டரும் கணக்கில் பிழையாகச் சேர்ந்துவிடும். தேர்வுப் பட்டியலில் மாற்று வழி இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் புதிதாக வருபவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது நியாயமன்று. முதலில் தோன்றும் அலகு அடி என்பதும் மீட்டரில் பழகியவர்களுக்கு ஒரு சிறு இடைஞ்சல்.

நிரல் எழுதுவோருக்கான ஏபிஐ, அதாவது நிரல் வழியே தரவை நேரடியாகக் கேட்டுப் பெறும் வாயில், எளிமையானது. சிஎஸ்வி, ஜேசன், எக்ஸ்எம்எல் வடிவங்களில் தருகிறது. 6 நிமிடத் தரவை ஒரு கோரிக்கையில் 31 நாள்களுக்கு மேல் பெற முடியாது என்பதால், ஓர் ஆண்டுத் தரவுக்கே துண்டுதுண்டாகக் கேட்டு ஒட்ட வேண்டும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது தொடர்ச்சி. 1980 முதல் நூறு கோடி டாலருக்குக் குறையாத சேதம் விளைவித்த பேரிடர்களின் பட்டியலுக்குப் புதிய தரவு சேர்ப்பதை இதே நோவா 2025 மே மாதத்தில் நிறுத்தியது. பழைய பதிவுகள் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் பேரிடர்கள் தொடரும்போது பட்டியல் மட்டும் நின்றுவிடுவது, அதை நம்பித் திட்டமிட்ட ஊராட்சிகளுக்கும் காப்பீட்டாளர்களுக்கும் பேரிழப்பு. நீர்மட்டத் தொடரில் ஓர் இடைவெளி விழுந்தால் அதைப் பின்னாளில் எந்தப் பணத்தாலும் நிரப்ப முடியாது. அன்று அளக்காத கடலை மறுபடி அளக்க வழியில்லை. ஆகவே, இதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நிலையங்களின் தரவை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்படி வைக்கும்போது ஆதாரமட்டம், நேர வலயம், அலகு ஆகிய மூன்றையும் கோப்பிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஆதாரமட்டங்களுக்கு அடிப்படையாக இருந்துவரும் 1983–2001 காலப்பகுதியை 2002–2020 ஆக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டிருப்பதால், கோப்பு எந்தக் காலப்பகுதியைச் சேர்ந்தது என்பதையும் அவசியம் எழுதி வையுங்கள்.