செல்ஃப் லெவலிங்குக்குப் பதில் சாதாரண ஷாக் அப்சார்பர்: ஓராண்டு ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

இருபத்தைந்து வயதைக் கடந்த என் ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத்தில் இருந்த, தானாக மட்டம் பார்த்துக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் எண்ணெய் கசிந்து ஓய்ந்துபோயின. அதே வகையில் புதியதைத் தேடினால் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்ததும் விலை மிகுந்திருந்தது. ஆகவே, அதே மாடலில் இந்த வசதி இல்லாமல் வெளிவந்த கார்களுக்கான காயில் ஸ்பிரிங், கேஸ் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் அமரும் ரப்பர் ஆகியவற்றை ஒரே தொகுதியாக வாங்கிப் பொருத்தினேன். ஓராண்டு ஓட்டிய பிறகே இதை எழுதுகிறேன், ஏனெனில் புது ஷாக் அப்சார்பர் போட்ட முதல் வாரத்தில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும்.

கழற்றிய பொருள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த மாற்றத்தில் இறங்கக் கூடாது. என் காரில் இருந்தது பம்ப், எண்ணெய், அழுத்த வாயு எல்லாம் ஒரே குழாய்க்குள் அடங்கிய வகை. கார் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது பிஸ்டன் தண்டின் அசைவே பம்பை இயக்கும். சுமையால் தாழ்ந்த பின்பக்கம் ஓரிரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அதாவது, அது அதிர்வை அடக்குவதோடு நிற்காமல் காரின் எடையிலும் ஒரு பங்கைச் சுமக்கிறது. அந்தப் பங்கைக் கணக்கில் கொண்டே தயாரிப்பாளர்கள் அத்தகைய கார்களுக்கு மென்மையான ஸ்பிரிங்கைக் கொடுத்திருப்பார்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். பழைய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால், சுமை ஏதும் இல்லாதபோதே பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். நாலு பேர் ஏறினால், பின்பக்கம் எல்லை மீறித் தாழாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில் (bump stop) இடிக்கும். சாதாரண கேஸ் ஷாக் அப்சார்பரைக் கையால் அழுத்தினாலே உள்ளே போய்விடுகிறது என்பதிலிருந்து, காரைத் தூக்கி நிறுத்தும் வலு அதற்கு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கம்பியின் கனத்தில் தெரியும் வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதிருந்தால், ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால் விறைப்பு ஏறக்குறைய 38 விழுக்காடு ஏறிவிடும். என் மெக்கானிக்கே முதலில் "ஸ்பிரிங் நல்லாத்தானே சார் இருக்கு, அது எதுக்கு?" என்றுதான் கேட்டார்.

பொருத்தும் வேலை ஒரு பகலில் முடிந்தது. கீழ் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட் செல்லும் துளையைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் (bush) முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். கழற்றிய பழைய யூனிட்டுகளுக்குள் அழுத்தம் மிச்சமிருக்கக்கூடும் என்பதால் அவற்றை அறுக்கவோ சூடாக்கவோ கூடாது. பின் பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு ஆக்சிலோடு இணைக்கப்பட்ட கார்களில், உயரம் மாறினால் அதன் அளவையும் சரிபார்க்க வேண்டும். என் காரில் அது இல்லை.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். தனியாகவோ இருவராகவோ செல்லும்போது கார் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். திருப்பங்களில் பின்பக்கம் அலையாமல் முன்பக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. சாலையின் சிறு வெடிப்புகள் மட்டும் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கையில் தெரிகின்றன. ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் ஏறினால் கதை வேறு. பின்பக்கம் ஏறக்குறைய மூன்று விரற்கடை தாழ்ந்து, எவ்வளவு தூரம் ஓடினாலும் அப்படியே இருக்கிறது. இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. விளக்கின் கோணத்தைத் திருகி இறக்கும் வசதி என் காரில் இருப்பதால் சமாளிக்கிறேன். பழைய அமைப்பின் அருமை அந்தப் பயணங்களில்தான் உறைக்கிறது.

எல்லாச் செல்ஃப் லெவலிங் கார்களுக்கும் இது பொருந்தாது. 1954-இல் பிரெஞ்சு நிறுவனமான சித்ரோவென் தன் 15 சிக்ஸ் ஹெச் காரின் பின்பக்கத்தில் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு டிஎஸ் காரில் நான்கு சக்கரங்களுக்கும் விரித்த, எண்ணெயும் வாயுவும் சேர்ந்து இயங்கும் ஹைட்ரோநியூமேட்டிக் அமைப்பில் வாயுதான் ஸ்பிரிங். டிஎஸ் போன்ற காரில் அதை எடுத்துவிட்டால் காரின் குணமே போய்விடும். மெர்சிடிஸ் டபிள்யூ124 ஸ்டேஷன் வேகன் என் காருக்கும் டிஎஸ்ஸுக்கும் இடைப்பட்டது: எஞ்சின் சுற்றும் பம்ப், மட்டம் பார்க்கும் வால்வு, நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள், அவற்றோடு காயில் ஸ்பிரிங்கும் உண்டு. அத்தகைய காரில் பின்பக்கம் கட்டைபோல் குதித்தால், பெரும்பாலும் வாயு இழந்த அந்த உருண்டைகளே காரணம். அவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் முழு அமைப்பையும் பிடுங்குவது வீண் வேலை. பிடுங்கத்தான் வேண்டுமென்றால், ஸ்பிரிங்கோடு நில்லாமல் பம்பையும் அதன் குழாய்களையும் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே முடிவுசெய்ய வேண்டும். எண்ணெயின்றி வறண்டு சுற்றும் பம்ப் கெட்டுப்போகும்.

என் கார் ஆண்டில் பத்து நாளுக்குமேல் முழுச் சுமை ஏற்றுவதில்லை. ஆகையால் இந்தத் தொகுதிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். டிரெய்லர் இழுப்பவராகவோ, நாள்தோறும் டிக்கியை நிரப்புபவராகவோ இருந்தால் இரண்டுக்குமேல் தரமாட்டேன். கழற்றிய மென்மையான ஸ்பிரிங்குகளை எறியாமல் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்; நல்ல நிலையில் ஒரு ஜோடி பழைய வகை ஷாக் அப்சார்பர் கிடைத்தால் அவை மறுபடியும் தேவைப்படும்.