சீதன உறுதியா, திருமண முன் ஒப்பந்தமா?

திருகோணமலையில் கலியாணம் பேசும்போது, உவர்மலை வீட்டையோ நிலாவெளிக் காணியையோ மகளின் பெயருக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்படும் அந்த உறுதியால் உரிமை உடனே அவளுக்கு மாறுகிறது. அதன் பெரும் பலமும் அதுவே. ஆனால் மணமகனின் பழைய கடன், இனிச் சேரும் சேமிப்பு, அந்தக் காணியில் அவன் தன் பணத்தில் கட்டும் மேல்மாடி ஆகியவற்றைப் பற்றி அது பேசுவதில்லை.

திருமண முன் ஒப்பந்தம் இவற்றை எழுத்தில் வைக்கும். எனினும் பிணக்கு எழுந்தால் நீதிமன்றம் அதை ஆராயும், பிள்ளைகளின் பராமரிப்போ பிள்ளையின் நலன் பார்த்தே தீர்மானிக்கப்படும்.

1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளுக்கே தனியாக விடுவதால், இங்கே பலருக்குத் தெளிவான உறுதியே போதும் என்பது என் கருத்து. மணமகன், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரானால் நிலைமை வேறு. 1911ஆம் ஆண்டின் சட்டப்படி, மணவாழ்வு நீடிக்கும்வரை மணமகளும் தேசவழமைக்கு உட்படுவதால், தன் காணியை விற்பதற்கே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் அவளுக்குத் தேவைப்படும். அத்தகைய பெண், மாப்பிள்ளை வீட்டார் அழைத்துவரும் நொத்தாரிசை மட்டும் நம்பாமல், தனக்கென ஒரு சட்டத்தரணியிடம் இரண்டு ஆவணங்களையும் காட்டிய பின்பே கையொப்பமிட வேண்டும்.