மணிக்கட்டு வெட்டுக்குத் தோலை மட்டும் தைத்து அனுப்புகிறார்கள், உஷார்!

நாலு தையல், டிடி ஊசி, ஐந்து நாள் மாத்திரை. கண்ணாடி உடைந்து மணிக்கட்டு கிழிந்த ஓர் இளைஞருக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்தது இவ்வளவுதான். கட்டைவிரல் மடங்கவில்லை, ஆள்காட்டி விரல் நுனி மரத்துக் கிடக்கிறது என்று கேட்டதற்கு, "வீக்கம் வடிஞ்சா சரியாயிடும்" என்றார்கள். பில்லில் மட்டும் 'டெண்டான் ரிப்பேர்', அதாவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைத் தைத்த கணக்கு! டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியொரு வரியே இல்லை. ஆறு வாரம் கழித்து வேறிடத்தில் திறந்து பார்த்தால், ஆள்காட்டி விரல் பக்கம் உணர்வு தரும் மீடியன் நரம்பும் கட்டைவிரலை மடக்கும் தசைநாணும் அறுந்தபடியே கிடந்தன.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் 12 தசைநாண்கள், 2 பெரிய நரம்புகள், 2 ரத்தக்குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. கண்ணாடி வெட்டு வெளியே 2 செ.மீ.தான் தெரியும், உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். விரல் நுனிகளில் உணர்வு இருக்கிறதா என்பதை மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும், போட்டபின் சோதித்துப் பயனில்லை. பாதி அறுந்த தசைநாணும் விரலை மடக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் ஆபரேஷன் தியேட்டரில் திறந்து பார்ப்பதே முறை.

கை வெளுத்துச் சில்லிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால், காயத்தைக் கழுவி, தோலை மூடி, கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டு, ஓரிரு நாளில் கை அறுவை நிபுணரிடம் அனுப்புவது தப்பே இல்லை. தப்பு, அனுப்பாமல் விடுவது. மூன்று நான்கு வாரம் போனால் தசை சுருங்கி, அறுந்த தசைநாணின் நுனியை மேலே இழுத்துக்கொள்ளும். பிறகு நேராக இணைக்க வராது. வேறு தசைநாணை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

நரம்பைத் தைப்பது 8-0, 9-0 எனப்படும் மிக மெல்லிய நூலில், மைக்ரோஸ்கோப்போ லூப்போ (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) வைத்து. அந்த வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

தைத்தபின் ஆறு வாரம் மாவுக்கட்டில் பூட்டி வைத்தாலும் தசைநாண் ஒட்டிப்போய் விரல் அசையாது. புறங்கைப் பக்க ஸ்பிளிண்டோடு, முதல் வாரத்திலேயே தெரபிஸ்ட் மேற்பார்வையில் அசைவு தொடங்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் தையல் ரொம்ப பலவீனம். ஒரு வாளி தூக்கினாலே பிய்ந்துவிடும். பளு தூக்க 12 வாரம் ஆகும். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் வளரும், விரல் நுனி உணர்வுக்கு ஆறு மாதத்துக்கு மேலாகலாம்.

எது அறுந்தது, எதை எந்த நூலில் தைத்தார்கள் என்று ஆபரேஷன் நோட்ஸை எழுத்தில் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். பில்லும் சம்மரியும் பத்திரமாக இருக்கட்டும்.